புதுக் கம்ப்யூட்டருக்கு ஓர் உறை

சூடாமணி: அதைத் தட்டாதேங்கோ. தட்டினா வந்துடுமா?

ராகவன்: பழசைத் தட்டினா வந்ததே.

சூடாமணி: பழசு தட்டு வாங்கிண்டே வளந்தது. இது ஆத்துக்கு வந்து இன்னியோட பதினோரு நாள்தான் ஆறது.

ராகவன்: பதினோரு நாள்... குழந்தைக்குப் பேர் வெக்கற நாள். அதுக்குள்ள கண்ணை மூடிண்டுடுத்து.

சூடாமணி: வாயைத் தொறந்தா ஒரு நல்ல வார்த்தை வரப்படாதா... அஃப்தாப், நீ சொல்லுப்பா. இது இன்னிக்குப் பொழைக்குமா?

அஃப்தாப்: இப்பதான மாமி செருப்ப கயட்டிட்டு உள்ள வந்தேன். ரவ உக்காந்து பாக்கறேன்.

ராகவன்: வெயில்ல வந்திருக்கான். முதல்ல குடிக்கத் தீர்த்தம் குடு.

அஃப்தாப்: அதெல்லாம் அப்பால மாமா. உங்க புள்ள சாய் அண்ணா கனடாலருந்து அஞ்சு வாட்டி போன் அட்ச்சிட்டாரு. 'கம்பெனி ஆளு நாலு நாள் கழிச்சுதான் வருவானாம், நீ போனாதான் வேலைக்காவும், அஞ்சு மணிக்குள்ள ரெடி பண்ணு'ன்றாரு. அங்க விடியக்காலமே இன்னும் ஆவல, மனுஷன் தூங்காம கீறாரு. இன்னா மேட்டரு அஞ்சு மணிக்கு?

சூடாமணி: அதுவா...

ராகவன்: கோயமுத்தூர் தாண்டி ஒரு எடம்ப்பா. வயசானவாளுக்குன்னே கட்டின குடியிருப்பு. சாய்சரண் பாத்து வெச்சிருக்கான்.

அஃப்தாப்: முதியோர் இல்லமா?

சூடாமணி: அப்படிச் சொன்னா உங்க மாமாவுக்குக் கோவம் வரும். தனித்தனி வீடு. சாப்பாடு அவாளே போட்டுடுவா. டாக்டர் உள்ளேயே இருப்பார். பெரிய லைப்ரரி... மாமா நடக்கறதுக்கு ரெண்டு பக்கமும் மரம் வெச்ச பாதை...

ராகவன்: மாடிப்படி கிடையாது. அதைச் சொல்ல மாட்டேங்கற பாரு. இந்த முட்டியை வெச்சுண்டு தெனம் ரெண்டு மாடி ஏறி எறங்கறாளே, அதுக்காகத்தான்ப்பா.

சூடாமணி: லைப்ரரிக்காகவும்தான்.

ராகவன்: சரி, லைப்ரரிக்காகவும்தான்.

அஃப்தாப்: அதுக்கும் இந்த கம்ப்யூட்டருக்கும் இன்னா சம்பந்தம்?

ராகவன்: இன்னிக்கு அஞ்சு மணிக்கு அந்த எடத்து மேனேஜர் வீடியோவில வருவார். நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து, 'எங்களுக்குச் சம்மதம்'னு வாயால சொல்லணும். அது அவா விதி. பிள்ளைகள் வற்புறுத்தி அனுப்பலைன்னு ரெக்கார்ட் பண்ணிக்கறா. இன்னிக்குத் தவறினா நம்ம எடம் அடுத்த பேருக்குப் போயிடும். நூத்துச் சொச்சம் பேர் காத்துண்டிருக்கா.

அஃப்தாப்: அப்போ இந்த வூடு?

ராகவன்: வேற யாராவது வந்து இருப்பா.

அஃப்தாப்: இத்த வுட்டுட்டா... மந்தவெளிய வுட்டுட்டா போறீங்க?

சூடாமணி: நீ கம்ப்யூட்டரைப் பாருப்பா.

அஃப்தாப்: வீடியோதான மாமா, அதுக்கு எதுக்கு இவ்ளோ பேஜாரு? இதோ என் போனு கீது. சாய் அண்ணாவாண்ட சொல்லி இதுலயே...

ராகவன்: வேண்டாம்.

சூடாமணி: வேண்டாம்ப்பா.

அஃப்தாப்: இன்னா ரெண்டு பேரும் ஒரே டைம்ல சொல்றீங்க?

ராகவன்: உனக்கு நிமிஷத்துக்கு ஒரு கால் வரும். நடுவுல எவனாவது பிரிண்டர் வேலை செய்யலைன்னு கூப்பிட்டா?

சூடாமணி: சின்னக் கண்ணாடி வேற. எங்க ரெண்டு மூஞ்சியும் கொள்ளாது.

அஃப்தாப்: மாமா போனு?

ராகவன்: அது கீழ விழுந்து கேமரால கீறல். 'அப்பா, நீ பேய் மாதிரித் தெரியறே'ன்னு போன வாரம்தான் சொன்னான்.

அஃப்தாப்: சரி வுடுங்க. எப்பலருந்து இப்பிடி?

ராகவன்: நேத்து சாயங்காலத்துலேருந்து. லைட் எரியறது. உள்ள ஃபேன் சுத்தறது. திரையில மட்டும் ஒண்ணுமே வரலை. கருப்பு. காசைக் கொட்டி வாங்கின புதுச் சாமான்... அந்தக் கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா, 'கண்ணை மூடிண்டு எடுத்துண்டு போங்க சார்'ன்னான். இப்ப அது கண்ணை மூடிண்டிருக்கு. போன் பண்ணினா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்கறது. நாப்பது நிமிஷம் பாட்டு போட்டான்ப்பா எனக்கு.

சூடாமணி: பாட்டு நன்னாத்தான் இருந்தது.

ராகவன்: எல்லாம் இவ பண்ணின காரியம். வந்த அன்னிக்கே மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம்...

சூடாமணி: புதுச் சாமானுக்கு வெக்காம?

அஃப்தாப்: ஆமா மாமி, மேல நடு செண்டர்ல செவப்பா கீதே இன்னா இது?

சூடாமணி: பொட்டு.

அஃப்தாப்: அது கேமரா மாமி.

சூடாமணி: அப்படித்தான் சாயும் சொன்னான். எனக்கு எப்படிப்பா தெரியும்? நெத்தி அங்கதானே இருக்கு?

ராகவன்: முதல் தடவை அவன் கூப்பிட்டப்போ, 'அப்பா, ஒரே செவப்பா தெரியறது, ஆத்துல நெருப்பு கிருப்பு பிடிச்சிண்டுடுத்தா'ன்னு பதறிட்டான்.

சூடாமணி: தொடைச்சேனே. ஓரத்துல துளி ஒட்டிண்டிருக்கு, அவ்வளவுதான்.

அஃப்தாப்: அத்தால ஒண்ணும் ஆவாது. இருங்க, ஆன் பண்றேன்... கேளுங்க... பீப், பீப், பீப். மூணு வாட்டி.

ராகவன்: அப்படீன்னா?

அஃப்தாப்: உள்ள எதோ கொறைதுன்னு அர்த்தம். தொறந்துதான் பாக்கணும்.

ராகவன்: தொறக்கணுமா? புதுசாச்சே... வாரண்டி போயிடாதோ?

அஃப்தாப்: அஞ்சு மணிக்கு வோணும்னா தொறக்கணும் மாமா.

சூடாமணி: பீப் பீப்னு இது என்ன ஒரு சத்தம். உசிரே இல்லை. பழசுல இன்டர்நெட் போடறச்சே ஒரு சத்தம் வருமே... ஞாபகம் இருக்கோன்னோ?

ராகவன்: எப்படி மறக்கும்? முதல்ல கீன்னு கத்தும்.

சூடாமணி: அப்பறம் கரகரன்னு தொண்டையைச் செருமிக்கும். பாட்டு வாத்தியார் மாதிரி. அது கேட்டாப் போதும், அடுப்பைச் சின்னது பண்ணிட்டு ஓடி வருவேன்.

ராகவன்: ஓடித்தான் வருவா. அப்ப முட்டி நன்னா இருந்தது.

சூடாமணி: டெலிபோன் எங்கேஜ்ட் ஆயிடும். மாம்பலத்துலேருந்து இவர் அக்கா ரெண்டு மணி நேரம் போன் பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு, பஸ் பிடிச்சு நேர்லயே வந்து நின்னா ஒருநாள். 'எல்லாரும் உசிரோட இருக்கேளா'ன்னு.

ராகவன்: அன்னிக்கு அக்கா முன்னாடி, நான் தட்டற பாஸ்வேர்டை இவ எழுத்தெழுத்தாச் சத்தமா படிச்சா பாரு... தன் பேர்தான் பாஸ்வேர்ட்னு அன்னிக்குத்தான் இவளுக்கே தெரிஞ்சுது.

சூடாமணி: அக்காவும் கேட்டுண்டா. மாம்பலம் முழுக்கச் சொல்லிட்டா.

அஃப்தாப்: நான் இந்த வூட்டுக்கு மொத மொத வந்தது சாய் அண்ணா படிக்கப் போன வருஷம். கடை போட்டு ஒரு மாசம்கூட ஆவல. என் மொத கஸ்டமரு நீங்கதான் மாமா.

ராகவன்: தெரியும். ஸ்க்ரூவை மூணு தடவை கீழ போட்டே.

அஃப்தாப்: நீங்க பக்கத்துலயே நின்னு டார்ச்சு புட்ச்சா கீழ போடாம இன்னா பண்றது?

சூடாமணி: சாய் இங்கேருந்து கெளம்பினப்பறம் அந்தக் கம்ப்யூட்டர்தானேப்பா எங்களுக்கு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் இவர் நாற்காலியில, நான் பக்கத்துல முக்காலியில. இவர் ஒரு விரலால தட்டுவார், நான் சொல்லிண்டே வருவேன்.

ராகவன்: 'மாவடு போட்டாச்சுன்னு எழுதுங்கோ' அப்படீன்னா, எழுதுவேன். 'கபாலி கோயில்ல கூட்டம்னு எழுதுங்கோ.' எழுதுவேன். அவன், 'ரெண்டு பேரும் எப்படி இருக்கேள்'னு கேப்பான். இவளுக்கு நூத்திரெண்டு ஜுரம் கொதிக்கும். 'சௌக்கியம்னு எழுதுங்கோ'ம்பா.

சூடாமணி: நீங்க மட்டும்? ஹெர்னியா ஆபரேஷன் ஆகி, மூணாம் நாள் உக்காந்துண்டு, 'நானும் அம்மாவும் பீச்சுக்குப் போயிட்டு வந்தோம்'னு எழுதினேளே.

ராகவன்: பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி இருக்கறவன்கிட்ட வேற என்ன எழுதறது?

சூடாமணி: அதைத்தான் நானும் சொல்றேன். அப்ப எழுத்துதான். இப்ப மூஞ்சியைக் காட்டணும்.

அஃப்தாப்: மாமி, ரவ லைட் போடுங்க... கையில இன்னா அது, ஊசியா?

சூடாமணி: உறை தைக்கறேன்ப்பா. பழசுக்கு நீலச் சுங்குடிப் புடவையில தைச்சேனே, அதே அளவு இதுக்குச் சேரலை. இது ஒல்லியா, உசரமா இருக்கு. பச்சைச் சுங்குடி ஒண்ணு கிழிஞ்சு கெடந்தது.

ராகவன்: இப்ப எதுக்கு அது? அட்டைப் பெட்டியில போட்டு லாரியில ஏத்தப் போற சாமான்.

சூடாமணி: லாரியில தூசு இருக்காதா?

ராகவன்: எதையாவது சொல்லு.

சூடாமணி: பழசுல நான் சீட்டு விளையாடுவேன், தெரியுமா அஃப்தாப்? சாய்தான் போறச்சே கத்துக் குடுத்துட்டுப் போனான். இவர் ஆபீஸ் போனதும் உக்காருவேன். கருப்பு ஒன்பது மேல சிவப்பு எட்டு... இவர் வரதுக்குள்ள அணைச்சு, உறை போட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி காபி கலந்துண்டிருப்பேன். மாமாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது.

ராகவன்: தெரியுமே.

சூடாமணி: என்ன தெரியும்?

ராகவன்: வந்ததும் உறைக்குள்ள கையை விட்டு மானிட்டர் தலையைத் தொட்டுப் பாப்பேன். வெதுவெதுன்னு இருக்கும்.

சூடாமணி: தெனமுமா?

ராகவன்: தெனமும்.

சூடாமணி: இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே.

ராகவன்: நீயும் சொல்லலையே. ஆசையா விளையாடறே, விளையாடிட்டுப் போன்னு விட்டுட்டேன்.

சூடாமணி: ...நன்னாருக்கு.

அஃப்தாப்: பழசு ஸ்டார்ட் ஆவலன்னா நான் இன்னா பண்ணுவேன், ஞாபகம் கீதா மாமா? உள்ள ரேமுன்னு ஒரு மெமரி பட்டை இருக்கும்ல, அத்த கயட்டி, சாய் அண்ணா ஸ்கூல் ரப்பர வாங்கி அந்தத் தங்கக் கலர் பல்லு மேல நல்லாத் தேய்ப்பேன். திருப்பி மாட்டுனா போதும், கெளம்பிடும்.

ராகவன்: அப்பறம் உன்னைக் கூப்பிடறதையே விட்டுட்டேனே. நானே கழட்டி, நானே தேச்சு, நானே மாட்டிடுவேன். கண்ணை மூடிண்டு பண்ணுவேன்.

அஃப்தாப்: ஆமா. நீங்களே பண்ணுவீங்க.

ராகவன்: ...பழசுல.

அஃப்தாப்: பழசுலதான். இருங்க, பின்னாடி மூடிய எடுக்கறேன்... மாமா.

ராகவன்: என்ன?

அஃப்தாப்: இந்த வாரண்டி ஸ்டிக்கரு கிழிஞ்சிகீது.

ராகவன்: வரச்சேயே அப்படி இருந்திருக்கும்.

அஃப்தாப்: ஓகோ.

சூடாமணி: நான் காபி கலந்துண்டு வரேன். ரெண்டு பேரும் பாத்துண்டிருங்கோ.

ராகவன்: மெதுவா வா. அவசரம் ஒண்ணுமில்லை.

அஃப்தாப்: ...மாமா.

ராகவன்: சமையலுள் கதவு சாத்தியிருக்கா பாரு.

அஃப்தாப்: சாத்திகீது. ரேமே இல்ல மாமா இதுல.

ராகவன்: அப்படியா?

அஃப்தாப்: பச்சைக் கலர்ல, தீப்பெட்டியவிட ரவ நீளமா ஒரு பட்டை. அது இல்லன்னா இது வெறும் பொட்டி. பத்து நாள் சோக்கா ஓடிகீது, அப்போ கம்பெனிக்காரன் மாட்டித்தான் அனுப்பிகீறான். ஸ்க்ரூ தலை பாருங்க, காசு வெச்சுத் திருப்புன மாரி கீறிகீது. எங்காளு தொறந்தா ஸ்க்ரூடிரைவர் வெச்சுத் தொறப்பான்.

ராகவன்: அஞ்சு ரூபாய் காசு.

அஃப்தாப்: நெனச்சேன்.

ராகவன்: நேத்து மத்தியானம். அவ கண் அசந்திருந்தா.

அஃப்தாப்: ஏன் மாமா?

ராகவன்: போகப் பிடிக்கலைப்பா.

அஃப்தாப்: இந்த வூட்ட வுட்டா?

ராகவன்: இதோ இந்த மேஜை. பழசு இங்கதான் இருந்தது. சாயங்காலம் பறக்கும் ரயில் போறச்சே அதுல படம் ஒரு துளி ஆடும், பாத்திருக்கியோ? தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி. சாய் கடிகாரத்தையே பாக்க மாட்டான். 'அப்பா, ஆறே முக்கால் ரயில் போறது, நியூஸ் போடு'ம்பான். இப்பவும் ரயில் சத்தம் கேட்டா நான் இந்த எடத்தைத்தான் திரும்பிப் பாப்பேன். புதுசுல ஒண்ணும் ஆடறதில்லை. ஆனாலும் பாக்கறேன். அங்க போய் எதைப் பாக்கறது? மரத்தையா?

அஃப்தாப்: அப்போ பின்ன எதுக்கு சரின்னீங்க?

ராகவன்: அவ சரின்னுட்டா. போன்ல சாய் கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. 'அப்பாவுக்குச் சரின்னா எனக்கும் சரி'ன்னா. நான் மாட்டேன்னு சொன்னா அத்தோட வாயே தொறக்க மாட்டா. வலியை முழுங்கிண்டு இந்தப் படியை ஏறிண்டே இருப்பா.

அஃப்தாப்: மாமியாண்ட ஓப்பனா பேசிக்கினா இன்னா?

ராகவன்: நாப்பத்தஞ்சு வருஷமா எனக்காகவே பெட்டி கட்டினவ. திருச்சிக்கு மாத்தினான், கட்டினா. வேலூருக்கு மாத்தினான், கட்டினா. ஒரு தடவை முணுமுணுத்ததில்லை. முதல் தடவையா அவளுக்குன்னு ஒரு எடம் வந்திருக்கு. நான் எப்படிப்பா மாட்டேன்னு சொல்றது? சொல்ல வாய் வரலை. காசை எடுத்துண்டு ஸ்க்ரூவைத் திருப்பிட்டேன்.

அஃப்தாப்: ஒண்ணு பண்றேன். மதர்போர்டே பூட்ச்சுன்னு சொல்லிடறேன். பத்து நாளாவும்னு சாய் அண்ணாவாண்டயும் சொல்றேன். இன்னிக்கு அஞ்சு மணி தாண்டிடும். அவ்ளோதான்.

ராகவன்: சொல்லிடறயா?

அஃப்தாப்: நீங்க சொல்லுங்க, சொல்லிடறேன்.

ராகவன்: ...கேளு. வந்துண்டிருக்கா. அந்த நடையைக் கேளு. ஒரு கால் ஊனி, ஒரு கால் இழுத்து...

அஃப்தாப்: மாமா?

ராகவன்: வேண்டாம்ப்பா. மாட்டிடு. என்னால முடியாது. பாவம் அவ.

அஃப்தாப்: ரேமு?

ராகவன்: அலமாரியில என் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள்ள வெச்சிருக்கேன். எடுத்துண்டு வந்து நைசா உன் கையில தரேன். உன் பையிலேருந்து எடுக்கற மாதிரி எடுத்து மாட்டிடு.

சூடாமணி: என்ன ரகசியம் பேசறேள்?

ராகவன்: ஒண்ணுமில்லை. சின்ன கோளாறுதானாம். இதோ ஆயிடும்கறான். அஞ்சு மணிக்கு ஜம்முனு உக்காந்து பேசிடலாம்.

சூடாமணி: அப்படியா... நல்லது. இந்தாப்பா காபி.

ராகவன்: நடக்கறச்சே ரொம்ப வலிக்கறதோ?

சூடாமணி: முட்டியா? அது எந்த ஊருக்குப் போனாலும் என்னோடதான் வரும். நீங்க குடிங்கோ, ஆறிடப் போறது.

ராகவன்: இரு, என் கண்ணாடியை எடுத்துண்டு வந்துடறேன்.

சூடாமணி: போங்கோ, எடுத்துண்டு வாங்கோ... சக்கரை போறுமாப்பா அஃப்தாப்?

அஃப்தாப்: சூப்பரு மாமி... மாமி, உறைல ஓட்டை வுட்டுகீறீங்களே, எதுக்கு?

சூடாமணி: வயருக்கு. பழசுக்கும் விட்டிருந்தேனே.

அஃப்தாப்: இதுல வயரு நடுவாலதான் வெளிய வருது. நீங்க லெஃப்டாண்ட வுட்டுகீறீங்க.

சூடாமணி: ப்ளக் இடது பக்கம்தானே இருக்கு, இதோ இந்தச் சுவத்துல. நேராப் போனா வயர் மடங்காது.

அஃப்தாப்: இந்தச் சொவத்துல. சரி... கோயமுத்தூர்ல ப்ளக்கு எந்தப் பக்கம் கீதோ, யார் கண்டா?

சூடாமணி: ஆமாம். யார் கண்டா?

அஃப்தாப்: ...ஓரம் வேற ரெட்டைத் தையலா போட்டுகீறீங்க.

சூடாமணி: பத்து வருஷமாவது உழைக்க வேண்டாமா?

ராகவன்: சூடாமணி! என் பழைய கண்ணாடிக் கூடு...

சூடாமணி: அங்கதான் இருக்கும், ரெண்டாவது தட்டுல. சட்டைக்கு அடியில பாருங்கோ.

ராகவன்: கூடு இருக்கு...

சூடாமணி: பின்ன என்ன?

ராகவன்: ...ஒண்ணுமில்லை.

சூடாமணி: இங்க வாங்கோ. கண்ணாடி உங்க மூக்கு மேலதானே இருக்கு?

ராகவன்: ஆமாம். இருக்கு... அஃப்தாப், ஒரு நிமிஷம் பால்கனிப் பக்கம் வரயா?

அஃப்தாப்: கெடைக்கலியா மாமா?

ராகவன்: மெதுவாப் பேசு. கூடு காலி. நான்தான் வெச்சேன். இந்தக் கையால வெச்சேன். மத்த ரெண்டு கூட்டையும் பாத்துட்டேன், சட்டைப் பையெல்லாம் தடவிட்டேன். எனக்கு மறதி வந்துடுத்தோ?

அஃப்தாப்: உங்களுக்கா? மறதி எல்லாம் ஒண்ணும் வரல மாமா. டென்சன் ஆவாதீங்க.

ராகவன்: மணி நாலு இருவது. இப்ப என்ன பண்றது? உன் கடையில வேற இருக்காதா?

அஃப்தாப்: கீது. ராயப்பேட்டை போயிட்டு வரணும். லஸ்ல மெட்ரோ வேலைன்னு ரோட்டையே தோண்டிப் போட்டுகீறான். போவ இருவது, வர இருவது.

ராகவன்: போயிட்டு வந்துடு. சரியா இருக்கும். போ.

சூடாமணி: எங்கப்பா கெளம்பிட்டே?

அஃப்தாப்: ஒரு ஐட்டம் கொறையுது மாமி. கடைலருந்து எட்தாந்துடறேன். போவட்டா மாமி?

சூடாமணி: போப்பா. அவசரமா வண்டியை ஓட்டாதே. கண்டபடி பஸ்காரன் வரான். மெதுவாவே போ.

அஃப்தாப்: சரி மாமி.

சூடாமணி: ரொம்ப மெதுவாப் போ. அஞ்சே கால், அஞ்சரை ஆனாலும் பரவாயில்லை. உன் உசிரைவிடவா கம்ப்யூட்டர் பெரிசு?

அஃப்தாப்: புரிஞ்சிது மாமி.

ராகவன்: என்ன புரிஞ்சுது உனக்கு? அவ தெரியாம சொல்றா, நீ அஞ்சுக்குள்ள வந்துடு.

அஃப்தாப்: வரேன் மாமா. காபி நல்லா இருந்துது மாமி. அந்தத் தையலு சோக்கா கீது.

சூடாமணி: கதவைச் சாத்திண்டு போப்பா.

ராகவன்: ...நல்ல பையன்.

சூடாமணி: கெட்டிக்காரன். அவனுக்கும் நாப்பது வயசாயிடுத்து, நாம இன்னும் பையன்னு சொல்லிண்டிருக்கோம்.

ராகவன்: போன் அடிக்கறது. சாய்தான்.

சூடாமணி: எடுத்து, அஃப்தாப் பாத்துண்டிருக்கான்னு சொல்லுங்கோ.

ராகவன்: ஹலோ... ஆமாம்ப்பா... பாத்துண்டிருக்கான்... இல்லை, எல்லாரும் சௌக்கியம்... வெச்சுடட்டுமா?... கோவமா இருக்கான். 'புதுச் சாமான் எப்படிப்பா இப்படி ஆகும்'னு கேக்கறான்.

சூடாமணி: கேக்கத்தான் கேப்பான்.

ராகவன்: சூடாமணி... நான் ஒண்ணு சொல்லணும்.

சூடாமணி: முதல்ல இந்த ஊசில நூல் கோத்துக் குடுங்கோ. எனக்குக் கண் தெரியலை.

ராகவன்: குடு... அந்தக் கம்ப்யூட்டர் தானா நிக்கலை. நான்தான் உள்ள இருந்ததைக் கழட்டினேன்.

சூடாமணி: ம்.

ராகவன்: ம்னா என்ன அர்த்தம்?

சூடாமணி: கோத்தாச்சா? கடைசியில ஒரு முடிச்சு போடுங்கோ.

ராகவன்: கோவம் வரலையா உனக்கு? உனக்குன்னு ஒரு நல்ல எடம் வந்தது. மாடிப்படி கிடையாது, அடுப்பு கிடையாது. அதைப் போய்க் கெடுத்தேன். இந்த ஆத்தை விட்டுப் போக எனக்கு இஷ்டமே இல்லை. அதை உங்கிட்ட சொல்லத் தைரியமில்லை. திருட்டுத்தனம் பண்ணினேன். மனசு கேக்காம இன்னிக்குத் திரும்ப மாட்டிடலாம்னு போனா, வெச்ச எடத்துல அது இல்லை. இப்ப நானே நெனச்சாலும் சரி பண்ண முடியலை. அஃப்தாப் வரலைன்னா... உன்னை ஏமாத்தினவனா ஆயிட்டேன்.

சூடாமணி: மணி என்ன ஆறது?

ராகவன்: நாலே முக்கால். நான் இவ்வளவு சொல்றேன், நீ மணி கேக்கறயே.

சூடாமணி: அந்தப் போட்டோவைப் பாத்து, 'மரமெல்லாம் நன்னாருக்கே'ன்னேள். உங்களுக்கு ஆசைன்னு நெனச்சுண்டுதான் நான் சரின்னேன். நேத்து உங்க சட்டையை மடிச்சு வெக்கறச்சே அந்தக் கூடு கைபட்டுக் குலுங்கித்து. தொறந்து பாத்தேன். நீங்க ரப்பர் போட்டுத் தேக்கறதை இருவது வருஷமாப் பாக்கறவளுக்கு அது என்னன்னு தெரியாதா? உங்களுக்கும் போக இஷ்டமில்லைன்னு அப்பாடான்னு இருந்தது எனக்கு. ஆனா உங்களையும் எனக்குத் தெரியும். கடைசி நேரத்துல என் முட்டியைப் பாத்துட்டு மறுபடி மாட்டிடுவேள்... தேடாதேங்கோ. என் தையல் டப்பாவில, பட்டனுக்கெல்லாம் அடியில இருக்கு. அஞ்சு அடிக்கட்டும், எடுத்துத் தரேன்.